கார்ட் வாங்க முதல் கசற்றைப் பாருங்கோ

கேள்வி:

வணக்கம் அண்ணா. அம்மா அப்பான்ர கலியாணம் 2003 இல புதுக்குடியிருப்பில நடந்தது. 2009 இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்ததில வீட்டில இருந்த கசற், அல்பம் ஒண்டும் மிஞ்சேல்லை. சித்தி வவுனியாவுக்குப் பாக்கக் கொண்டுபோன கலியாணக் கசற் கொப்பி ஒண்டு மட்டும் தப்பியிருக்கு. அதோட பெரியப்பா 2004 இல கனடாவில இருந்து வந்து நிக்கேக்க தன்ர கமெராவால எடுத்த சின்னக் கசற் ரெண்டு, மாமா ரொறன்ரோவில தன்ர கலியாணத்தை எடுத்து அனுப்பின பெரிய கசற் ஒண்டு. இந்தக் கசற்றுகளைக் கொம்பியூட்டரில ஃபைலா மாத்தி வைக்க வேணும், வீட்டில விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டொப் இருக்கு. அதுக்கு வேண்டிய கப்சர் கார்ட்டை ஒன்லைனில பாத்தால் மலிவா யூஎஸ்பியில குத்துற கார்ட் இருக்கு, 4கே எண்டு போட்ட எச்டிஎம்ஐ கார்ட் இருக்கு, உள்ளுக்குப் பூட்டுற பழைய கார்ட்டும் இருக்கு. எதை வாங்கிறது? தம்பி கோயில் திருவிழாவைக் கமெராவால லைவ் போடப்போறன் எண்டு நிக்கிறான், ஒரே கார்ட்டில ரெண்டையும் செய்யலாமோ? அம்மம்மா அந்தக் கலியாணக் கசற்றில இருக்கிறா. அவவின்ர வேற படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை.

விசுவமடுவில இருந்து ஒரு வாசகி

பதில்:

தங்கச்சி, உங்கட கடிதத்தின்ர கடைசி வரியில இருந்துதான் நான் தொடங்கப்போறன். அம்மம்மான்ர முகம் அந்த ஒரு கசற்றில மட்டும்தான் இருக்கெண்டால், எந்தக் கார்ட் எண்டதை விட அந்தக் கசற் இன்னும் எத்தினை தரம் ஓடும் எண்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாப் படுது. நல்ல கார்ட்டை வாங்கி வச்சுக்கொண்டு பழுதான டெக்கில கசற்றைப் போட்டு ரேப் சிக்கி அறுந்துபோனால் அந்தக் கார்ட்டால ஒரு பிரயோசனமும் இல்லை. அதால முதல் கசற், பிறகு அதை ஓட்டுற டெக், அதுக்குப் பிறகுதான் கார்ட். கடையில கேட்டால் இதைத் தலைகீழாத்தான் சொல்லுவினம், ஏனெண்டால் அவையளிட்ட விக்கிறதுக்கு இருக்கிறது கார்ட் மட்டும்தான்.

முதல் வேலை, நாலு கசற்றையும் மேசையில வச்சு ஒவ்வொண்டையும் என்ன கசற் எண்டு பாருங்கோ. பெரிய ரெண்டும் விஎச்எஸ், அதில பிரச்சினை இல்லை. பெரியப்பான்ர சின்னக் கசற் ரெண்டும்தான் எனக்கு விளங்கேல்லை, சின்னக் கசற் எண்டு சொல்லுறதுக்குள்ள மூண்டு நாலு சாமான் இருக்கு. பாட்டுக் கசற் அளவில இருந்து மேல ஹாய்8 அல்லது வீடியோ8 எண்டு எழுதியிருந்தால் அது ஒண்டு, விஎச்எஸ் கசற்றையே சின்னனாக்கின மாதிரி ஒரு பக்கம் பல்லுச்சக்கரம் தெரிஞ்சால் விஎச்எஸ்-சி, அதை ஒரு அடப்டருக்குள்ள போட்டுப் பெரிய டெக்கிலயே ஓட்டலாம். நெருப்புப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா இருந்து மினிடிவி எண்டு எழுதியிருந்தால், 2004 இல கனடாவில இருந்து வந்தவரிட்ட அதுதான் இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன், அப்பிடியெண்டால் அந்த ரெண்டு கசற்றுக்கும் கப்சர் கார்ட்டே தேவையில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன், ஏனெண்டால் இதிலதான் கனபேர் நல்ல படத்தைப் பழுதாக்கிறவை. விஎச்எஸ், ஹாய்8 எல்லாம் அனலொக், அதில படம் ஒரு அலையாத்தான் இருக்கு, கப்சர் கார்ட்டின்ர வேலை அந்த அலையை அளந்து இலக்கமா மாத்திறது. மினிடிவியில படம் ரேப்பிலயே இலக்கமாத்தான் கிடக்கு, கமெராவே 2004 இல அந்த வேலையைச் செய்து முடிச்சிட்டுது. அதைக் கமெராவில இருந்து ஃபயர்வயர் எண்ட வயரால கொம்பியூட்டருக்கு அப்பிடியே கொப்பி எடுக்கலாம், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி வரும், ரேப்பில இருக்கிற அதே இலக்கம்தான் வந்து சேரும். சோனி கமெராவில அந்தத் துவாரத்துக்கு ஐ.லிங் எண்டு பேர் போட்டிருக்கும். அதை விட்டிட்டு மஞ்சள் வயரால எடுத்துக் கப்சர் கார்ட்டில குடுத்தால் இலக்கமா இருக்கிறதைத் திரும்ப அலையாக்கி, அதைத் திரும்ப இலக்கமாக்கி, ரெண்டு தரம் கெடுக்கிற வேலை. கமெராவில யூஎஸ்பி இருக்கே எண்டு கேப்பியள், அந்தக் காலத்துக் கமெரா கனக்கில யூஎஸ்பியால ஃபோட்டோ மட்டும்தான் வரும், இல்லாட்டி மங்கலான சின்னப் படம் வரும். உங்களிட்ட டெஸ்க்டொப் இருக்கிறது இதுக்கு நல்லது, மதர்போட்டில பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஒண்டு காலியா இருந்தால் ஃபயர்வயர் கார்ட் ஒண்டு பூட்டலாம். ஒருபக்கம் ஃபயர்வயர், மற்றப்பக்கம் யூஎஸ்பி எண்டு மலிவா ஒரு வயர் விக்கினம், அதை மட்டும் வாங்காதேங்கோ, அது வேலை செய்யாது, ரெண்டும் கதைக்கிற முறையே வேற, வெறும் வயரால அதை மாத்த ஏலாது. பெரியப்பாவுக்கு ஒரு கோல் எடுத்து அந்தக் கமெரா இன்னும் இருக்கோ எண்டு கேளுங்கோ. இருந்தால் ஆரும் வரேக்க குடுத்துவிடச் சொல்லுங்கோ, பவர் வயரோட.

அடுத்தது கனடாக் கதை. எங்கட நாட்டில ரீவி பால் (PAL) எண்ட முறை, 625 வரி (அதில படம் இருக்கிறது 576 வரி), செக்கனுக்கு 25 படம். சுவிஸ், ஜேர்மனி, லண்டன் எல்லாம் பால்தான். கனடாவும் அமெரிக்காவும் என்ரிஎஸ்சி, 525 வரி, செக்கனுக்கு 29.97 படம். அப்ப உங்கட மாமான்ர கலியாணக் கசற் என்ரிஎஸ்சியா இருக்கிறதுக்குத்தான் சாத்தியம் கூட, அவர் அங்கேயே பாலுக்கு மாத்தி அனுப்பியிருந்தாலொழிய. இங்க 'மல்ட்டி' எண்டு சொல்லி வித்த டெக் கனக்கில என்ரிஎஸ்சி கசற்றைப் போட்டால் ரீவியில படம் வடிவா வரும், கார்ட்டில குடுத்தால் கறுப்பு வெள்ளையா வரும் இல்லாட்டி உருண்டுகொண்டு நிக்கும், உடன ஆக்கள் கார்ட் பழுது எண்டு கடையில கொண்டுபோய்த் திருப்பிக் குடுப்பினம். கார்ட்டில பிழை இல்லை. அந்த டெக் என்ரிஎஸ்சி வரியோட பாலின்ர கலரைக் கலந்து பால்60 எண்ட ஒரு முறையில வெளிய விடுது, ரீவி அதை ஏற்கும், கனக்கக் கார்ட் ஏற்காது. டெக்கில என்ரிஎஸ்சி 4.43, என்ரிஎஸ்சி 3.58 எண்டு மாத்திற சுவிட்ச் இருந்தால் 3.58 இல வையுங்கோ, பிறகு கார்ட்டின்ர செற்றிங்கில என்ரிஎஸ்சி-எம் எண்டு தெரிவு செய்யுங்கோ. அப்பிடிச் சுவிட்ச் இல்லாட்டி கார்ட் செற்றிங்கில பால்60 இருக்கோ எண்டு பாருங்கோ. ரெண்டும் இல்லையெண்டால் மாமான்ர கசற்றை இங்க வச்சு மினக்கெடாமல் கனடாவிலயே ஆரையும் கொண்டு செய்விக்கிறது நல்லம். அங்க இருந்து டெக் ஒண்டு கொண்டுவந்து போட நினைச்சால் அது 120 வோல்ட் டெக்கா இருக்கும், எங்கட 230 இல நேர குத்தினால் எரிஞ்சுபோகும், ட்ரான்ஸ்ஃபோமர் போட்டுத்தான் குடுக்க வேணும்.

இப்ப கலியாணக் கசற்றுக்கு வருவம். சித்தி கொண்டுபோனது கொப்பி எண்டு எழுதியிருக்கிறியள். விஎச்எஸ்ஸில இருந்து விஎச்எஸ்ஸுக்கு அடிக்கிற ஒவ்வொரு கொப்பியிலயும் படம் ஒருபடி மங்கும், கலர் கரையும். அதால கார்ட்டுக்குக் காசு சேர்க்க முதல், வேற கொப்பி உலகத்தில எங்கயும் இருக்கோ எண்டு தேடுங்கோ. 2002 சித்திரையில ஏ9 பாதை திறந்ததில இருந்து 2006 ஆவணியில பூட்டும்மட்டும் எங்கட பக்கம் கலியாணவீடு, சாமத்தியவீடு எது நடந்தாலும் வெளிநாட்டுச் சொந்தத்துக்கு ஒரு கசற் அனுப்பாமல் விட்டதில்லை. வீடியோ எடுத்தவர் மாஸ்ரரில இருந்து நேர அடிச்ச முதல் கொப்பி சில வேளை சுவிஸில ஆற்றையோ வீட்டுப் பங்கருக்குள்ள பெட்டியோட கிடக்கும். குளிரில, காய்ஞ்ச இடத்தில கிடந்த கசற் எங்கட வெக்கையிலயும் மழை ஈரத்திலயும் கிடந்ததை விட நல்ல நிலையில இருக்கும். மாப்பிள்ளை பக்கம், பொம்பிளை பக்கம் ரெண்டிலயும் ஆர் ஆர் அப்ப வெளிய இருந்தவை எண்டு அம்மாவோட இருந்து ஒரு தாளில எழுதி ஒவ்வொருத்தரையாக் கேளுங்கோ. அப்பிடியே விசிடி, டிவிடி அடிச்சவையோ எண்டும் கேளுங்கோ. விசிடி எண்டால் 352க்கு 288 தான், விஎச்எஸ்ஸை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் டிஸ்க் கீறுப்படாமல் இருந்தால் உள்ளுக்க இருக்கிற ஃபைலை அப்பிடியே கொம்பியூட்டருக்குக் கொப்பி எடுக்கலாம், அதுக்கும் கார்ட் தேவையில்லை, கசற் ஒருக்கா ஓடமுதலே அம்மம்மான்ர முகம் ஒண்டு கையில இருக்கும்.

சரி, கார்ட். நீங்கள் எழுதின மூண்டில, உள்ளுக்குப் பூட்டுற பழைய கார்ட்டை விட்டிடுங்கோ. அது அனேகமா பழைய பிசிஐ ஸ்லொட்டுக்கு வந்தது, இப்பத்தைய மதர்போட்டில அந்த ஸ்லொட்டே இல்லை, பிசிஐ எக்ஸ்பிரஸ் எண்டது வேற அளவு, உள்ளுக்குப் போகாது. போனாலும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ட்ரைவரை, அதாவது கார்ட்டை இயக்கிற மென்பொருளை, விண்டோஸ் 10 இல ஏற்றிறது பெரிய சோலி.

4கே எண்டு பெட்டியில போட்ட எச்டிஎம்ஐ குச்சியும் உங்கட கசற்றுக்குச் சரிவராது. டெக்கில எச்டிஎம்ஐ இல்லை, மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூண்டு துவாரம்தான் இருக்கும். இடையில ஏவி டு எச்டிஎம்ஐ எண்டு சின்னப் பெட்டி ஒண்டு போட்டு மாத்தலாம் எண்டு சொல்லுவினம், மாத்தலாம், படமும் வரும், ஆனால் அந்தப் பெட்டி 576 வரிப் படத்தை 720க்கோ 1080க்கோ இழுத்து, வரிகளைத் தன்ர விருப்பத்துக்கு ஒட்டி, 4:3 படத்தை 16:9 ஆ அகட்டி, எல்லாரையும் கட்டையும் குண்டுமா ஆக்கிப்போட்டுத்தான் குடுக்கும். அகட்டினதைத் திருப்பி ஒடுக்கலாம், ஒட்டின வரியைத் திருப்பிப் பிரிக்க ஏலாது. வேற வழியே இல்லாதவைக்கு அது காணும். உங்களுக்கு வேண்டாம்.

மிஞ்சினது யூஎஸ்பியில குத்துற அனலொக் கார்ட், உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் அதுக்குள்ளயும் பாத்து எடுக்க வேணும். ஈசிகேப் எண்ட பேரில வாறது ஒரு கொம்பனியின்ர சாமான் இல்லை, ஒரே மாதிரிக் கறுப்புக் கூட்டுக்குள்ள எஸ்ரிகே1160, ஈஎம்2860, யூரிவி007, எஸ்எம்ஐ2021 எண்டு வேற வேற சிப் வரும், வெளியில பாத்து ஒண்டும் சொல்ல ஏலாது, ஒண்டின்ர ட்ரைவர் மற்றதுக்குப் பொருந்தாது. விண்டோஸில கொழுவினோடன 'தெரியாத டிவைஸ்' எண்டு நிக்கிறது இதால. கடைக்காரர் தெரிஞ்ச ஆளெண்டால் உங்கட கொம்பியூட்டரையோ அதே விண்டோஸ் போட்ட ஒரு லப்டொப்பையோ கொண்டுபோய் அங்கேயே கொழுவி, படமும் சத்தமும் ரெண்டும் வருதோ எண்டு பாத்து வாங்குங்கோ, சத்தம் ஒரு பக்கம் மட்டும் வருதோ எண்டும் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கோ. கொஞ்சம் காசு கூடப் போட ஏலுமெண்டால் ஹொப்போஜ் யூஎஸ்பி-லைவ்2 மாதிரி கொம்பனி ட்ரைவரோட வாற ஒண்டு எடுங்கோ, மஞ்சள் வயரும் எஸ்-வீடியோவும் ரெண்டும் எடுக்கும், பால், என்ரிஎஸ்சி ரெண்டும் எடுக்கும், மாமான்ர கசற்றுக்கும் உதவும். அது இங்க கடையில கிடைக்காட்டி கொழும்பில, இல்லாட்டி வாற ஆக்களிட்டச் சொல்லி எடுக்கலாம்.

பெட்டியில பாக்க வேண்டிய ஒரு இலக்கம் இருக்கு. 720க்கு 576 எண்டு இருக்க வேணும். சில கார்ட் 640க்கு 480 இல மட்டும் எடுக்கும், பால் கசற்றில இருக்கிற 576 வரியை 480 ஆக்கினால் வரி சேர்த்து அமத்திப்போடும், அசைவு எல்லாம் மங்கும். 4கே, 1080 எண்டு கசற்றுக்குக் காசு குடுக்காதேங்கோ, கசற்றுக்குள்ள இல்லாததை ஒரு கார்ட்டாலயும் கொண்டுவர ஏலாது.

தம்பியின்ர விஷயம் இதோட சேராது. திருவிழா லைவுக்கு அவருக்கு வேண்டியது அந்த எச்டிஎம்ஐ குச்சிதான், உங்களுக்கு வேண்டியது அனலொக், ஒரே கார்ட்டில ரெண்டும் செய்ய நினைச்சு ரெண்டையும் அரைகுறையாச் செய்யிறதை விடத் தனித்தனியா எடுங்கோ. மலிவான குச்சியில அனேகமா எம்எஸ்2109 எண்ட சிப்தான் இருக்கும், 4கே சிக்னலை உள்ளுக்கு எடுக்கும், வெளியில 1080 இல செக்கனுக்கு 30 படம்தான் குடுக்கும், அதுவும் அமத்தித்தான், யூஎஸ்பி 2 இன்ர வேகம் அவ்வளவுதான். லைவுக்கு அது தாராளமாக் காணும், போனில பாக்கிற சனத்துக்கு வித்தியாசம் தெரியாது, அதை விட எங்கட பக்கம் சிக்னல்தான் முதல் விழும். அது ஒரு வெப்கேம் மாதிரித்தான் விண்டோஸுக்குத் தெரியும், ட்ரைவர் ஏற்றத் தேவையில்லை. ஒண்டு பாக்கச் சொல்லுங்கோ, கமெராவின்ர எச்டிஎம்ஐயில பற்றரி அடையாளம், ஃபோகஸ் பெட்டி ஒண்டும் இல்லாமல் வெறும் படம் வருதோ எண்டு. சில கமெராவில அதை மெனுவில நிப்பாட்டலாம், சிலதில ஏலாது, அப்பிடியெண்டால் சாமி வீதி வலம் வரேக்க மூலையில பற்றரி அடையாளமும் சேர்ந்து போகும்.

இனி டெக். டெக் இல்லாமல் ஒண்டும் நடக்காது, நீங்கள் டெக்கைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. உலகத்தில கடைசியா விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த யப்பான் கொம்பனி ஃபுனாய் 2016 ஜூலையோட நிப்பாட்டிட்டுது, அதால இனிக் கிடைக்கிறது எல்லாம் பழசுதான். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத ஊரில ஜெனரேட்டர் பிடிச்சு டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்துப் படம் ஓடின ஆக்கள் இன்னும் இருக்கினம், அவையளிட்டயும் பழைய ஸ்ரூடியோக்காரரிட்டயும் கேட்டுப் பாருங்கோ. கிடைச்ச டெக்கை உடன கரண்டில குத்தி உங்கட கசற்றைப் போட்டிடாதேங்கோ. மூடியைக் கழட்டிப் பாத்தால் தூசி, எறும்பு, பல்லி முட்டை எல்லாம் இருக்கும், கனகாலம் ஓடாததில உள்ளுக்க இருக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், கிரீஸ் இறுகியிருக்கும், அதோட கசற்றைப் போட்டால் உள்ளுக்க இழுத்துக்கொண்டு போய் வெளிய விடாமல் ரேப்பைத் தின்னும். திருத்திற ஆளிட்டக் குடுத்துத் துப்பரவாக்கி எடுங்கோ. அந்தச் சுத்துற உருளையில இருக்கிற ஹெட்டை நீங்களே துடைக்கிறதெண்டால் ஐசோப்ரொப்பைல் அல்ககோலும் தும்பு விடாத துணியும், உருளை சுத்துற பக்கம்தான் துடைக்க வேணும், மேல கீழ இழுத்தால் ஹெட் உடைஞ்சுபோகும், காதுக் குச்சி வேண்டாம். பிறகு ஒரு பழைய படக் கொப்பியை முதல் ஓடிப் பாருங்கோ, முழுசா ஓடி, ரீவைண்ட் ஆகி, கீறு விழாமல் வெளிய வந்தால்தான் அந்த டெக்கை நம்பலாம். ஒரிஜினல் படக் கசற்றை வச்சுக் கார்ட்டைச் சோதிக்காதேங்கோ, கனதுல கொப்பி எடுக்கேலாமல் ஒரு தடுப்பு வச்சிருப்பினம், படம் வெளிச்சமும் இருட்டுமா அடிக்கும், நீங்கள் கார்ட் பழுது எண்டு நினைப்பியள்.

வெளிநாட்டு டெக்கெண்டால் பின்னுக்கு மூண்டு துவாரத்துக்குப் பதிலா அகலமான ஸ்காட் துவாரம் மட்டும் இருக்கலாம். அதுக்கு ஒரு மாத்திக் கட்டை விக்கினம், அதில இன், அவுட் எண்டு சுவிட்ச் இருக்கிறதைப் பாத்து வாங்கி அவுட்டில விடுங்கோ. சுவிஸில ஆற்றையும் வீட்டில பழைய பனசோனிக் டிவிடி ரெக்கோடர், டிஎம்ஆர்-ஈஎஸ்10 அல்லது ஈஎஸ்15, இருந்தால் அதையும் கேளுங்கோ. டெக்குக்கும் கார்ட்டுக்கும் இடையில அதைப் போட்டால், ஆடுற பழைய சிக்னலைப் பிடிச்சு நேராக்கிக் குடுக்கும், மேல் வரியள் வளைஞ்சு கொடி மாதிரி ஆடுறது நிக்கும், படம் துண்டு துண்டா விடுபடுறதும் குறையும். விலை கூடின கார்ட் வாங்கிறதை விட இது பெரிய உதவி.

கலியாணக் கசற்றைப் போட முதல் வாசல் வெளிச்சத்தில கசற்றின்ர சின்னக் கண்ணாடிக்குள்ளால ரேப் சுருளைப் பாருங்கோ. கரையோரம் வெள்ளையா, தூள் மாதிரி, நூல் மாதிரி ஏதும் தெரிஞ்சால் அது பூஞ்சணம். அப்பிடி இருந்தால் தயவுசெய்து ஓடாதேங்கோ. பூஞ்சணம் ஹெட்டில ஒட்டும், ரேப்பைக் கிழிக்கும், அடுத்ததாப் போடுற கசற்றுக்கும் தொத்தும். வெயிலில காயவைக்கவும் வேண்டாம், வெக்கையில ரேப் நெளியும். சிலிக்கா ஜெல் பைக்கற்றோட ஒரு மூடின பெட்டியில வச்சு, இதில கைப்பழக்கம் உள்ள ஆளிட்டக் குடுங்கோ. பூஞ்சணம் இல்லாட்டி கசற்றின்ர முதுகில இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் கட்டையை உடைச்சுவிடுங்கோ, பிறகு பிழையா ரெக்கோட் அமத்தினாலும் மேல பதியாது. ஒருக்கா முழுசா முன்னுக்கு ஓடவிட்டுத் திருப்பிச் சுத்துங்கோ, கனகாலம் ஒரே மாதிரிக் கிடந்த சுருள் சீராகும். பிறகு ஓடேக்கயே கப்சர் பண்ணுங்கோ, ஒருக்காப் பாத்திட்டு அடுத்தமுறை எடுப்பம் எண்டு விடாதேங்கோ. எல்லாரும் கூடியிருந்து பாக்க ஆசையாத்தான் இருக்கும், அம்மா அழுவா, நிப்பாட்டித் திருப்பிப் போடச் சொல்லுவா, அதெல்லாம் ஃபைல் வந்த பிறகு எத்தினை தரமும் செய்யலாம், ரேப்பை ஒரே இடத்தில நிப்பாட்டி வச்சால் அந்த இடம்தான் தேயும்.

கொம்பியூட்டர் பக்கம் பெரிய வேலை இல்லை. ஓபிஎஸ் ஸ்ரூடியோ எண்ட படம் பதியிற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கும், விண்டோஸ் செற்றிங்கில கமெராவுக்கும் மைக்குக்கும் அனுமதி குடுக்க வேணும், கார்ட்டை விண்டோஸ் கமெரா எண்டுதான் நினைக்கும். கார்ட்டை யூஎஸ்பி ஹப்பில குத்தாமல் பின்னுக்கு மதர்போட்டிலயே நேர குத்துங்கோ. வீடியோ ஸ்ராண்டர்ட் எண்ட இடத்தில பால்-பி, அளவு 720க்கு 576, செக்கனுக்கு 25. சேமிக்கிறது எம்பி4 இல வேண்டாம், எம்கேவியில வையுங்கோ. எங்கட ஊரில இது முக்கியம், ரெண்டு மணித்தியாலம் எடுத்துக்கொண்டு போகேக்க கரண்ட் நிண்டால் எம்பி4 ஃபைல் திறக்காமலே போகலாம், எம்கேவி அதுவரைக்கும் எடுத்ததை வச்சிருக்கும். ஏலுமெண்டால் ஒரு யூபிஎஸ் எடுத்து டெக்கையும் கொம்பியூட்டரையும் சேர்த்துப் போடுங்கோ, ரேப் உருளையில சுத்தியிருக்கேக்க கரண்ட் போறது ரேப்புக்கு நல்லதில்லை. படத்தில கோடு கோடா மெல்ல ஏறுறதும் சத்தத்தில 'ம்ம்' எண்டு இரையிறதும் வந்தால் அது எர்த் பிரச்சினை, எல்லாத்தையும் ஒரே ப்ளக் கட்டையில குத்திப் பாருங்கோ. படத்தின்ர அடியில ஒரு சின்னப் பட்டி கலங்கலா வரும், அது ரீவியில மறைஞ்சு கிடந்தது, கொம்பியூட்டரில தெரியுது, கார்ட் பழுதில்லை, பிறகு வெட்டலாம்.

இடத்துக்கு, அமத்தாமல் எடுத்தால் ஒரு மணித்தியாலம் 75 ஜிபி பிடிக்கும், அது உங்களுக்குத் தேவையில்லை. செக்கனுக்கு 8 மெகாபிற் எண்டு வச்சு எடுத்தால் மணித்தியாலம் 4 ஜிபிக்குள்ள வரும், விஎச்எஸ்ஸுக்கு அது கண்ணுக்குக் குறை தெரியாது. டிஸ்க் பெருசா இருந்தால் ஹஃப்யூவ் எண்ட முறையில ஒண்டும் இழக்காமல் எடுத்து வையுங்கோ, அம்மம்மா வாற இடத்தை எண்டாலும் அப்பிடி எடுத்தால் நான் சந்தோசப்படுவன். பென் ட்ரைவ் எஃப்ஏரி32 முறையில ஃபோமற் பண்ணினது எண்டால் 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை ஏற்காது, என்ரிஎஃப்எஸ் ஆக்கிப்போட்டுக் கொப்பி பண்ணுங்கோ.

கசற்றை எடுத்து முடிஞ்ச பிறகும் எறியாதேங்கோ. ஃபைலில ஒரு கொப்பி வீட்டில, ஒரு கொப்பி சித்தியிட்ட வவுனியாவில, ஒண்டு பெரியப்பாவிட்ட கனடாவில. அந்தக் கலியாணக் கசற் தப்பினதே அது வேற ஒரு வீட்டில இருந்ததாலதான். யுனெஸ்கோவும் ஐஏஎஸ்ஏ எண்ட ஒலி, ஒளி ஆவணக் காப்பக சங்கமும் 2019 இலயே எச்சரிச்சவை, 2025க்குள்ள இலக்கத்துக்கு மாத்தாத ரேப்பில பெரும்பகுதி பிறகு கிடைக்காமல் போகும், ரேப் பழுதாகிறதை விட அதை ஓட்டுற மெஷின் இல்லாமல் போறதால எண்டு. அந்த வருசமும் வந்து போயிட்டுது, அதால மழை தொடங்கி ஈரம் ஏற முதல் டெக்கைத் தேடத் தொடங்குங்கோ.

செய்யிற ஒழுங்கு இப்பிடி இருக்கட்டும்: முதல் கோல் எடுத்துக் கொப்பி தேடுறது, பிறகு டெக், பிறகு கார்ட். கார்ட் வந்தோடன பழைய படக் கொப்பி ஒண்டை முழுசா எடுத்துப் பழகுங்கோ, அது சரியா வந்தால் மாமான்ர கசற், கை பழகின பிறகு கடைசியாத்தான் கலியாணக் கசற். மினிடிவிக்கு ஃபயர்வயர் கார்ட் வாங்க முதல் உங்கட மதர்போட்டின்ர பேரையும் காலியா இருக்கிற ஸ்லொட்டின்ர படத்தையும் எனக்கு அனுப்பி விடுங்கோ, எது பொருந்தும் எண்டு பாத்துச் சொல்லுறன்.